கோட்டுக்கு அந்தப் பக்கம்

“டீச்சர், என் கணக்குல முடிவிலி வருது” என்றார் ததேயுஸ்.

“வரட்டும்” என்றார் நப்பின்னை டீச்சர். கதவை அவர் முழுதாகத் திறக்கவில்லை.

“வரக்கூடாது டீச்சர். அது அலையோட உயரம்.”

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த மீசை. வியர்வையில் ஒட்டிய சட்டை. கக்கத்தில் சுருட்டிய வரைபடம்.

“எங்கேருந்து வர்றீங்க?”

“பவளத்துறை. ரெண்டு பஸ் மாறி வந்தேன்.”

“திரும்பிப் போக நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு.”

கதவு சாத்திக்கொண்டது.

ததேயுஸ் வாசல்படியில் உட்கார்ந்தார். நாலு மணி பஸ் போனது. அதற்கடுத்த பஸ்ஸும் போனது.

கதவு திறந்தது.

“இன்னும் போகலையா சார் நீங்க?”

“முடிவிலியும் இன்னும் போகலை டீச்சர்.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். “உள்ளே வந்து தொலைங்க.”

*

பவளத்துறையில் மீன்பிடித் துறைமுகம் வரப்போகிறது. கடலுக்குள் கல்லைக் கொட்டி, கைகள் போல இரண்டு சுவர்கள் கட்டுவார்கள். ஒன்று நேராகப் போகும். மற்றது அரிவாள் மாதிரி வளைந்து போகும்.

எந்த இடத்தில் அலை எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ததேயுஸின் வேலை. ஒரு கட்டுமானக் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் அதைத்தான் செய்துவந்தார்.

அவர் முறை சுலபமானது. அலை போகும் வழியைக் கோடுகளாக வரைவார். கோடுகள் நெருங்கினால் அலை உயரம். விலகினால் தாழ்வு. கோடே போகாத இடத்தில் அலை கிடையாது.

இத்தனை வருஷம் அந்த முறை அவரைக் கைவிட்டதில்லை.

பவளத்துறையில் கைவிட்டது. வளைந்த சுவரில் மோதித் திரும்பிய கோடுகள் எல்லாம் ஒரு வளைவை ஒட்டி நெருங்கின. நெருங்கி நெருங்கி, நடுவில் இடமே இல்லாமல் போனது. அங்கே அலையின் உயரம் என்ன என்று கேட்டால் கம்ப்யூட்டர் முடிவிலி என்றது.

“அந்தக் கோட்டை அழிச்சிட்டு, பக்கத்துல இருக்கிற எண்ணைப் போட்டு நிரப்புங்க” என்றார் தலைமைப் பொறியாளர் குமாரதாஸ்.

ததேயுஸ் மறுத்துவிட்டார். அது அவர் பிறந்த ஊர். அக்கா ஜெபமாலை இன்றும் அந்தக் கரையில்தான் மீன் தரம் பிரிக்கிறாள்.

“அப்போ யார்கிட்டயாவது கேட்டுட்டு வாங்க. சீக்கிரம் வாங்க” என்றார் குமாரதாஸ்.

நப்பின்னை டீச்சர் இரண்டு பஸ் தள்ளியிருந்த ஊரின் கல்லூரியில் கணிதம் சொல்லித் தருபவர். ஒளியும் அலையும் நெருங்கி முட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. ததேயுஸைவிடப் பதினான்கு வயது இளையவர். பொறுமை இல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டு பேரும் பாதியில் ஓடிப்போனார்கள்.

*

டீச்சர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்குக் காலைல வாங்க. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க.”

“பாலா?”

“எங்க வீட்ல பால் இல்லை.”

ததேயுஸ் அன்று அந்த ஊரிலேயே ஒரு லாட்ஜில் தங்கினார். காலையில் பால் பாக்கெட்டோடு வந்தார்.

டீச்சர் பாலைக் காய்ச்சினார். ஒரு எவர்சில்வர் தம்ளரில் பாதி ஊற்றி, ஆறவிட்டு, ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தார். தனக்குக் காப்பி போட்டுக்கொண்டார். ததேயுஸுக்குக் கொடுக்கவில்லை.

“தம்ளருக்குள்ள என்ன தெரியுது?”

“பால்.”

“பால் மேல?”

ததேயுஸ் குனிந்தார். தம்ளரின் உள்சுவரில் பட்டுத் திரும்பிய வெயில், பாலின்மேல் ஒரு பளிச்சென்ற வளைவை வரைந்திருந்தது. நடுவில் கூர்மையாக ஒரு முனை.

“இதை நான் தினமும் பார்க்கிறேன் டீச்சர்.”

“தினமும் பார்த்துட்டு என்ன பண்ணுவீங்க?”

“குடிச்சிருவேன்.”

“அதான் பிரச்சினை” என்றார் டீச்சர். “உங்க துறைமுகமும் இந்தத் தம்ளரும் ஒண்ணு. வளைஞ்ச சுவர், திரும்புற கதிர், நெருங்குற கோடு. இதுக்கு காஸ்டிக்னு பேரு. காஸ்டிக் சோடால வர்ற அதே காஸ்டிக். சுட்டெரிக்கிறதுன்னு அர்த்தம்.”

“சரி.”

“உங்க முறைப்படி கணக்குப் போட்டா அந்தக் கோட்டுல வெளிச்சம் எவ்வளவு?”

ததேயுஸ் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது. “முடிவிலி.”

“விரலை வைங்க.”

“எங்கே?”

“அந்தக் கோட்டுல.”

ததேயுஸ் தயங்கினார். பிறகு விரலை விட்டார்.

“சுடுதா?”

“வெதுவெதுன்னு இருக்கு.”

“முடிவில்லாத வெளிச்சத்துல விரலை வச்சிருக்கீங்க. வெதுவெதுன்னு இருக்குங்கிறீங்க. கணக்கை நம்புறதா, விரலை நம்புறதா?”

“விரலைத்தான்.”

“அப்போ எதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?”

அவர் பதில் சொல்லும் முன் டீச்சர் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார்.

*

மறுநாளும் ததேயுஸ் வந்தார்.

“முடிவிலி தப்புன்னு எனக்கும் தெரியும் டீச்சர். அது தெரியாமலா வந்தேன்? சரி எதுன்னுதான் தெரியலை. எனக்கு ஒரு எண் வேணும். நீங்க பாலைக் காட்டுறீங்க.”

“கத்தாதீங்க.”

“கத்தலை.”

“கத்துறீங்க.”

டீச்சர் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கொடியில் ஒரு மெல்லிய வெள்ளை முண்டு காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் அது சுருண்டு நெளிந்தது. அதன் நிழல் மணலில் விழுந்தது.

“நிழலைப் பாருங்க.”

வெளுத்த நிழலின் நடுவே சில கறுத்த கோடுகள் ஓடின. துணி அசைய அசைய அவையும் அசைந்தன.

“அந்தக் கறுப்புக் கோடு எங்கேருந்து வருது?”

ததேயுஸ் நிழலிலிருந்து கொடிக்குக் கண்ணை ஓட்டினார். “துணி வளைஞ்சு திரும்புற இடம். ஒரே இடத்து நிழல்ல நிறைய துணி விழுது.”

“துணி அங்கே கிழிஞ்சிருக்கா? தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் தொட்டுப் பார்த்தார். வளைவை விரலால் தடவினார். வழுவழுவென்று இருந்தது. ஒரு இழைகூட அறவில்லை.

“இல்லை.”

“நசுங்கியிருக்கா?”

“இல்லை. மத்த இடம் மாதிரியேதான் இருக்கு.”

“சரி. இப்போ உங்க கோட்டுக் கணக்கு இந்த ரெண்டுல எது? துணியா, நிழலா?”

ததேயுஸ் மணலில் அசைந்த கறுப்புக் கோட்டைக் காட்டினார்.

“நிழலை அளந்துட்டு, ஐயோ துணி போச்சேன்னு என் வாசல்ல வந்து உக்காந்திருக்கீங்க” என்றார் டீச்சர். முண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

*

ததேயுஸ் லீவு போட்டார். தினமும் மாலையில் டீச்சர் கல்லூரி விட்டு வந்ததும் பாடம் நடந்தது.

பாடம் என்றால் சண்டை.

“அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல கதிரை மறந்துடுங்க. ஒரு இடத்துக்கு அலை எத்தனை வழியா வர முடியுமோ அத்தனையையும் எடுங்க. ஒவ்வொண்ணும் மேல தூக்கி வருதா, கீழ இறங்கி வருதான்னு பார்த்துக் கூட்டுங்க.”

“அத்தனையையும்னா எத்தனை டீச்சர்?”

“எண்ண முடியாது.”

“எண்ண முடியாததை எப்படிக் கூட்டுறது?”

“அதுக்குத்தான் சார் தொகையிடல்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. காலேஜ்ல என்ன படிச்சீங்க?”

“முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு டீச்சர்!”

“அது என் தப்பா?”

ஒருநாள் அவர் பென்சிலை வீசிவிட்டு எழுந்து போனார். பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தார். டீச்சர் அந்தப் பென்சிலைச் சீவி வைத்திருந்தார்.

கடைசியில் எண் வந்தது.

கோட்டில் அலையின் உயரம் நாலு மீட்டர். முடிவிலி இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் அலை ஏறியும் இறங்கியும் வரிவரியாகப் போனது. எல்லாம் நல்ல எண்கள். கையில் பிடித்துப் பார்க்கலாம் போன்ற எண்கள்.

ததேயுஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“முடிஞ்சுது டீச்சர்.”

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “கடவுளே” என்றார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

“ஏன் டீச்சர்?”

“உங்க பழைய கணக்குல ரெண்டு பொய் இருந்துது. ஒண்ணைப் பிடிச்சிட்டீங்க.”

“இன்னொண்ணு?”

“நான் ஏன் சொல்லணும்?”

“நான் கேக்கிறேன்ல!”

“கேட்டாச் சொல்லணும்னு யார் சொன்னா?”

*

ததேயுஸ் லாட்ஜ் அறையில் வரைபடத்தைத் தரையில் விரித்து ஊர்ந்தார். எல்லாக் கோடுகளையும் சரிபார்த்தார். எல்லா எண்களையும் திரும்பப் போட்டார். பொய் அகப்படவில்லை.

திரும்பி வந்து, “எல்லாம் சரியா இருக்கு” என்றார். குரலில் எரிச்சல்.

“அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“அலை. பார்த்தோமே.”

“அந்தப் பக்கம்?”

“ஒண்ணுமில்லை. கதிர் போகாத இடம். அலை சைபர்.”

“அங்கே என்ன கட்டப்போறீங்க?”

“மீன் மேடை. கரையில இருக்கிற பெண்கள் மீன் தரம் பிரிக்கிறதுக்கு. அலையே இல்லாத இடம்னு நான்தான் தேடிக் கொடுத்தேன். அதனாலதான் தண்ணி மட்டத்தை ஒட்டியே மேடை போடுறாங்க. வள்ளத்துலயிருந்து கூடையை அப்படியே நகர்த்திக்கலாம்.”

“அலை இல்லைன்னு யார் சொன்னா?”

“கணக்கு.”

“எந்தக் கணக்கு?”

ததேயுஸ் வரைபடத்தைப் பிரித்தார்.

விரல் அந்தக் கோட்டின்மேல் போய் நின்றது.

அவர் மெதுவாகச் சொன்னார். “முடிவிலின்னு சொன்னதே, அதே கணக்கு.”

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“அதை நான் கேள்வியே கேக்கலையே டீச்சர். ஏன் கேக்கலை?”

“எனக்கு எப்படித் தெரியும்? பென்சிலை எடுங்க.”

*

கோட்டைத் தாண்டி அலை சட்டென்று நிற்கவில்லை. தேய்ந்து தேய்ந்துதான் மறைந்தது. மேடை இருந்தது கோட்டை ஒட்டி. ஆனி ஆடிக் கடல் கொந்தளிக்கும்போது மேடையின்மேல் தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும் என்று வந்தது.

ததேயுஸ் அதை எடுத்துக்கொண்டு குமாரதாஸிடம் ஓடினார்.

குமாரதாஸ் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். அந்தத் துறைமுகத்தின் வரைபடம் ஏழு முறை மாறியிருந்தது.

“நாலு மீட்டர். சரி, அங்கே வள்ளம் போகாதபடி மிதவை போட்டுருவோம். அப்புறம்?”

“மேடைமேல தொண்ணூறு சென்டிமீட்டர் ஏறும் சார். மேடையை இடம் மாத்தணும்.”

“தொண்ணூறு சென்டிமீட்டரா?” குமாரதாஸ் நாற்காலியில் சாய்ந்தார். “நீங்க முடிவிலின்னு சொன்ன அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை, தெரியுமா? கடைசில ஒரு மீட்டர்கூட இல்லை. இடுப்பளவு. கடற்கரைச் சனம் இடுப்பளவு தண்ணிக்குப் பயப்படுமா?”

“சார்—”

“ததேயுஸ், இன்னொரு தடவை இந்தப் படத்தை மாத்தச் சொன்னா என்னை ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அடுத்த வாரம் ஊர்க் கூட்டம். அங்கே வந்து எண்ணைச் சொல்லுங்க. அவங்க சரின்னா சரி.”

*

“பேசாம முடிவிலியாவே விட்டிருக்கலாம்!”

ததேயுஸ் இதை வாசலில் நின்றே சொன்னார். உள்ளே வரக்கூட இல்லை.

“பொய்யைச் சொன்னப்ப எல்லாரும் பயந்தாங்க. தூக்கமில்லாமக் கிடந்தாங்க. இப்போ உண்மையைச் சொல்றேன், இவ்வளவுதானான்னு கேக்கிறாங்க. இதுக்கா நான் இந்த வயசுல தொகையிடல் படிச்சேன்?”

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எண் சரியா?”

“சரி.”

“அப்போ என் வேலை முடிஞ்சுது.”

“எனக்கு முடியலையே! அந்த மேடையில உக்காரப்போறது எங்க அக்கா. கூட்டத்துல நான் என்ன சொல்லணும்? தொண்ணூறுன்னா அவங்களுக்கு என்ன புரியும்? அபாயம்னு சொல்லவா? கையெடுத்துக் கும்பிடவா? ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

“முடிவிலி தப்புன்னு நான் உங்களுக்கு எப்பவாவது சொன்னேனா?”

ததேயுஸ் யோசித்தார். “இல்லை. விரலை வைக்கச் சொன்னீங்க.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட வார்த்தை கேக்கிறீங்க?”

விடைத்தாளை மறுபடி இழுத்துக்கொண்டார். “நாலு மணிக்குப் பஸ்.”

*

பவளத்துறை மீன் மேடை இன்று கரையோரம் மேடான இடத்தில் இருக்கிறது. அது அங்கே போனது எப்படி என்று கேட்டால், கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இப்படிச் சொல்வார்கள்.

கோயில் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். முன்னால் அதிகாரிகளுக்கு நாற்காலி. கீழே ஊர்.

குமாரதாஸ் எழுந்து, துறைமுகம் எப்படி இருக்கும் என்று விளக்கினார். வள்ளம் எங்கே வரும், ஏலம் எங்கே நடக்கும், மீன் மேடை எங்கே என்றெல்லாம் காட்டினார்.

ஜெபமாலை எழுந்தாள். “மேடையில தண்ணி ஏறுமா?”

“ஆனி ஆடியில கொஞ்சம் ஏறும்மா.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

குமாரதாஸ் உள்ளங்கையைத் தன் இடுப்புக்குப் பக்கத்தில் படுக்கையாகப் பிடித்துக் காட்டினார். “இவ்வளவுதான். இடுப்பளவு. நீங்க பார்க்காத தண்ணியா?”

சிலர் சிரித்தார்கள். ஜெபமாலையும் சிரித்தாள். உட்காரப் போனாள்.

“இதைக் கணக்குப் போட்டவர் இங்கேயே இருக்கார். இந்த ஊர்க்காரர்தான்” என்றார் குமாரதாஸ். கையை இறக்காமலே திரும்பினார். “சொல்லுங்க ததேயுஸ், நான் காட்டுறது சரிதானே?”

ததேயுஸ் எழுந்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். பேச வாயெடுத்தார். பிறகு தாளை நாற்காலியில் வைத்தார்.

குமாரதாஸின் அருகில் போய், வேட்டியை மடித்துக்கொண்டு, வெறும் தரையில் உட்கார்ந்தார். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, மீன் பிரிப்பவர்கள் கூடைக்கு முன்னால் உட்காருகிற மாதிரி.

“சரிதான் சார்” என்றார். “கையை மட்டும் எடுத்துடாதீங்க.”

மண்டபத்தில் சிரிப்பு நின்றது.

குமாரதாஸ் குனிந்து பார்த்தார். அவருடைய கை ததேயுஸின் தலைக்கு மேலே இருந்தது.